நிலத்துக்குச் சாட்சி எங்கே?

சென்னையிலிருந்து தெற்கே செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் ரயில் வண்டியில் ஜன்னலோரமாக அமர்ந்து வருகிற பிரயாணி, ஒரு மணி நேரத்திற்குள் பூமியின் பல கோலங்களைக் காண்கிறான். பரங்கிமலையைத் தாண்டியதும் திரிசூலத்தில் உடல் வெட்டுண்டு நிற்கும் குன்றுகள் தென்படுகின்றன. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வீடுகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. வண்டலூரில் காடு சற்றே தலைகாட்டி மறைகிறது. ஊரப்பாக்கம் கடந்து கூடுவாஞ்சேரிக்கு வந்தால், வயல்கள் இருந்த இடங்களில் மனைப் பிரிவுக் கற்களும் அடுக்கு மாடிகளும் நிற்கின்றன. அதற்கப்பால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் என்று தொழிற்சாலை மதில்களின் பிரதேசம் ஆரம்பமாகிறது.

இக்காட்சிகளை அன்றாடம் காணும் ஜனங்களுள் எத்தனை பேருக்கு, இவ்விடங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் எப்படியிருந்தன என்பது தெரியும்? முதியோர் சிலருக்குத் தெரியும். அவர்கள் காலம் முடிந்தால் அந்த ஞாபகமும் உடன் போய்விடும். இருபது வயது வாலிபனோ, தான் கண் விழித்தபோது கண்ட கோலமே ஊரின் ஆதிக் கோலம் என்று நம்பி வளருகிறான். இங்கே வாய்க்கால் ஓடிற்று என்று பாட்டி சொன்னால் கதையாகக் கேட்டுக்கொள்கிறான். அந்த வாய்க்காலை மீட்கவேண்டுமென்று ஒருநாள் அவன் மனுவை எடுத்துக்கொண்டு தாலுகா காரியாலயத்துக்குப் போய், ஆதாரம் எங்கே என்று அதிகாரி வினவினால், பாட்டியின் கதையைத் தவிர அவன் கையில் ஒன்றும் இராது. இந்தக் குறையைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

தொழில் முன்னேற்றத்தால் உருமாறிய நிலங்களைப் படம் பிடிப்பது மேல்நாடுகளில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. 1861-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் யோசிமிட்டி பள்ளத்தாக்குக்குச் சென்று படங்கள் எடுத்தார். அப்பள்ளத்தாக்கைப் பொதுஜனங்களின் உபயோகத்துக்கென்று காப்பாற்றும் சட்டத்தில் 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அவ்விடத்தை நேரில் காணாத சட்டசபை அங்கத்தினர்களின் மனத்தை அப்படங்கள் இளக்கின என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அதே வாட்கின்ஸ், பொன்னுக்காக நீரைப் பீய்ச்சி மலைகளைக் கரைத்த சுரங்கங்களையும் படம் பிடித்தார். ஜெர்மனியில் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் தம்பதிகள் 1959 முதல் பல பத்தாண்டுகள் உலைக் கோபுரங்களையும் நீர்த்தொட்டிகளையும் ஒரே மாதிரியான வெளிச்சத்தில், ஒரே மாதிரியான கோணத்தில் எடுத்துச் சேகரித்தார்கள். அவற்றுள் பல இடிக்கப்பட்டு, இன்று படமாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன. கானடா தேசத்து எட்வர்ட் பர்ட்டின்ஸ்கி, கற்சுரங்கங்களையும் கப்பல் உடைக்கும் கரைகளையும் சீனத்துத் தொழிற்சாலைகளையும் பெரும் படங்களாக எடுத்துக் கீர்த்தி பெற்றார். அவருடைய வேலையைப் பற்றி 2006-இல் வெளியான திரைப்படம், முடிவே இல்லாததுபோலத் தோன்றும் ஒரு சீனத் தொழிற்சாலையின் உட்புறத்தைப் பல நிமிஷங்கள் இடைவிடாது காட்டிக்கொண்டு ஆரம்பமாகிறது.

நம் நாட்டில் இத்தகைய முயற்சிக்கு அஸ்திவாரமே இல்லை என்று சொல்லுவதற்கில்லை. நிலத்தை அளப்பதிலும் படமெடுப்பதிலும் சென்னை ராஜதானி முந்திக்கொண்டது என்றே சொல்லலாம். 1802-இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் மகத்தான வேலையைத் தொடங்கியபோது, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்று வரையில் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். இமயம் வரையில் சென்ற அளவைக்கு வேர் நம்முடைய தென் புறநகரில் இருக்கிறது. 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, அடுத்த இரண்டாண்டுகளில் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து ஒரே நீண்ட சுருளாக அமைத்தார். படம் என்பது அலங்காரப் பொருள் மட்டுமன்று, ஆவணமும் ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய, சிறந்த உதாரணம் நம்மிடம் இல்லை. ஆயினும் 1859-இல் கவர்னராக வந்த டிரெவெலியன், கஜானா இருக்கும் நிலைமையில் இது தாங்காத ஆடம்பரம் என்று கருதி அந்த இலாகாவையே மூடிவிட்டார்.

அந்த இலாகா நீடித்திருந்தாலும் ஏரிக்கரைகளையும் மதகுகளையும் எடுத்திருக்கும் என்று நாம் நம்பவில்லை. அக்காலத்து அதிகாரிகளுக்குக் கோபுரங்களும் கோட்டைகளும் காட்சியாகத் தோன்றின. ஒரு கிராமத்துக் கலங்கல் அவர்கள் கண்ணில் படவில்லை. இதில் அவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. சுதந்திரம் பெற்ற பின்பும் நாம் அதே வழக்கத்தைத்தான் தொடர்ந்தோம். திறப்பு விழாவுக்குப் படம் எடுத்தோம். அடிக்கல் நாட்டு விழாவுக்குப் படம் எடுத்தோம். அடிக்கல் நாட்டுவதற்கு முந்தின நாள் அந்த நிலம் எப்படியிருந்தது என்று எடுத்துவைத்தவர் யார்?

பல்லாவரத்தை எடுத்துக்கொள்வோம். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர், அவ்வூரில் சரளைக்கல் எடுப்பதற்காகத் தோண்டப்பட்ட குழியொன்றில் ஆதி மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகத்துக்கு உறுதிப்படுத்தியது அந்தக் கல். 1893-இல் தாமஸ் ஹாலந்து, இம்மலைகளின் கருநீலப் பாறைக்கு ‘சார்னகைட்’ என்று பெயரிட்டார். கல்கத்தா நகரத்தை ஸ்தாபித்தவரென்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் சமாதியில் பதித்திருக்கும் கல் இதே ஜாதியைச் சேர்ந்தது என்பதால் அப்பெயர் வந்தது. இன்று உலகெங்கும் பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் உச்சரிக்கும் பெயர் அது. பரங்கிமலையில் அப்பாறையுள்ள இடம் தேசியச் சின்னமாகவும் பிரகடனம் செய்யப்பட்டிருக்கிறது.

அந்தப் பாறைக்கு நேர்ந்தது என்ன? வெடி வைத்துப் பிளந்து, கிரஷர் யந்திரத்தில் கொட்டி, ஜல்லியாக்கி, சென்னையின் சாலைகளுக்கும் கூரைகளுக்கும் கொண்டுபோனோம். இதைப் பழிச்சொல்லாகக் கூறவில்லை. ஊர் வேண்டுமானால் கல் வேண்டும். நாம் குடியிருக்கும் வீட்டின் கூரையிலும் திரிசூலத்தின் ஒரு துண்டு இருக்கக்கூடும். தோண்டாதிருந்தால் பூட் கண்ட கோடரியும் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும். எவ்வளவு எடுத்தோம், எங்கே நிறுத்தினோம், எடுத்த பின் குழியை யார் வசம் விட்டோம் என்பவையே கேள்விகள். ஒவ்வோராண்டும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்திருந்தால், மலை குறைந்த கணக்கை எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு பார்வையில் வாசித்திருப்பார்.

இனி கூடுவாஞ்சேரிக்கு வருவோம். ஏரிகளுக்குப் பெயர் போன ஜில்லா செங்கற்பட்டு. ஒரு ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் கொடுக்கும் சங்கிலி அமைப்பு நம் முன்னோர் கண்ட ஏற்பாடு. நந்திவரம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர் என்று இப்பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஏரி உண்டு. ஆதனூர், மணிமங்கலம் வட்டாரத்து ஏரிகளின் உபரி நீரைச் சேர்த்துக்கொண்டுதான் அடையாறு தன் பிரயாணத்தைத் தொடங்குகிறது. இந்தச் சங்கிலியின் குறுக்கே ரயில் பாதை வந்தது, பெருஞ்சாலை அகன்றது, மறைமலை நகர் என்ற துணை நகரம் எழுந்தது. 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்கு மாற்றப்பட்டது. 2021-இல் நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சியாயிற்று. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏறிய வேகத்தில் நிலத்தின் முகமும் மாறிற்று.

தொழிற்சாலைகள் வந்ததால் இப்பக்கத்து ஜனங்கள் அடைந்த நன்மையை நாம் மறைக்கவில்லை. மானம் பார்த்த பூமியை நம்பியிருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் வந்தது, பெண்கள் படித்தார்கள், ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. ஆனால் தொழிற்சாலையும் நிலையானதன்று. மறைமலை நகரில் அமைந்த போர்டு மோட்டார் தொழிற்சாலை, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வாழ்வு ஒரே அறிவிப்பில் திசை மாறிற்று. ஏற்றுமதிக்காக அதே தொழிற்சாலையை மறுபடியும் உபயோகிக்கும் எண்ணத்தை அக்கம்பெனி 2024-இல் வெளியிட்டது. வயலாயிருந்து, ஆலையாகி, ஆள் நடமாட்டமற்ற வெளியாகி, மீண்டும் ஆலையாவதற்குக் காத்திருக்கும் நிலம் ஒன்றின் சரித்திரம் முப்பதாண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. ஆகையால் மாறிய நிலத்தைப் படம் பிடிப்பவர், ஏரியை மட்டும் எடுத்துவிட்டு ஆலையை விட்டுவிடலாகாது. மூடிய வாயிலும், ‘ஷிப்டு’ முடிந்து வரும் பஸ்களின் வரிசையும், தொழிலாளர் குடியிருப்பும் அதே சரித்திரத்தின் பக்கங்களே.

இவை நடந்துகொண்டிருக்கையில் 2015 டிசம்பர் வந்தது. அம்மாதம் முதல் தேதியும் அதற்கு மறுநாளுமாகத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மாடிகளில் ஏறி நின்று படகுகளை எதிர்பார்த்தார்கள். தண்ணீர் ஊருக்குள் வந்தது என்று எல்லோரும் சொன்னோம். தண்ணீரின் வழிக்குள் ஊர் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை அளந்து காட்டக்கூடிய படங்கள் நம்மிடம் சொற்பமாகவே இருந்தன. வெள்ளத்தைப் பல்லாயிரம் பேர் படமெடுத்தார்கள். வெள்ளத்துக்கு முந்தின பத்தாண்டுகளில் வாய்க்கால் குறுகியதை, கரை சரிந்ததை, சவுடு மண் லாரிகள் சென்றதை எடுத்தவர்கள் மிகச் சிலர். விபத்து வரும்போது காமிராவை எடுப்பது இயல்பு. விபத்து தயாராகும்போது எடுப்பதுதான் பொதுநல ஊழியம்.

வட சென்னையில் எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இதை இன்னும் நன்றாக விளக்கும். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அவ்விடத்தில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்தது. துறைமுகமும் சேமிப்புக் கிடங்குகளும் எழுந்தன. 1996-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட கடற்கரை வரைபடத்தில் காணும் கழிமுகம், பிற்பட்ட வரைபடமொன்றில் காணப்படவில்லை என்ற விவகாரம் 2017-இல் பகிரங்கமாயிற்று. காகிதத்தில் நீரை அழிக்க ஒரு ரப்பர் துண்டு போதும். ஆனால் அந்நீரில் வலை வீசும் மீனவரின் படத்தை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது. சாம்பல் படிந்த சேற்றில் நின்று தொழில் செய்யும் அம்மக்களை எம். பழனிக்குமார் போன்ற புகைப்படக்காரர்கள் ஆண்டுக்கணக்காகப் படம் பிடித்து வருகிறார்கள். அவர்களுடைய படங்களில் நிலத்தோடு மனிதனும் இருக்கிறான் என்பது கவனிக்கத் தக்கது.

ஆகாயத்திலிருந்து செயற்கைக் கோள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கும்போது, தனி மனிதன் காமிராவோடு அலைவதேன் என்று சில நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1972-இல் முதல் லாண்ட்ஸாட் ஏவப்பட்டது முதற்கொண்டும், 1988-இல் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் ஏறியது முதற்கொண்டும், பூமியின் மாறுதல்கள் பதிவாகி வருகின்றன. ஏரியின் பரப்புக் குறைந்ததை அப்படங்கள் கொண்டு எவரும் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் மதகின் பலகை உடைந்ததும், கலங்கலின் உயரம் குறைக்கப்பட்டதும், கரையோரத்துப் பனைகள் வெட்டுண்டதும், கழிவு நீர்க் குழாய் எவ்விடத்தில் வாய் திறக்கிறது என்பதும் அத்தனை உயரத்திலிருந்து தெரிவதில்லை. மேலிருந்து எடுத்த படம் எத்தனை ஏக்கர் என்று சொல்லும். கரையில் நின்று எடுத்த படம் எப்படி நடந்தது என்று சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

இத்துறையில் இறங்குவோருக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது அழகு. கைவிடப்பட்ட குவாரியில் தேங்கிய நீர், மாலை வெயிலில் மரகதம்போல் மின்னும். சாம்பல் மேடு பனிமலைபோல் தோன்றும். படத்தைப் பார்ப்பவர், ‘எவ்வளவு அழகு’ என்று சொல்லிப் போய்விடுவார். பர்ட்டின்ஸ்கியின் படங்களைப் பற்றியும் இந்தக் குறை சொல்லப்பட்டதுண்டு. அழகை வேண்டுமென்றே கெடுக்கவேண்டியதில்லை. ஆனால் அக்குழியில் முன்பு எவர் வேலை செய்தார், இப்போது எவர் குளிக்கிறார், அதன் ஆழத்துக்கு வேலி உண்டா என்பதையும் படத்தோடு எழுதி வைக்கவேண்டும். குவாரிக்கு ஒரே ஒரு முகந்தான் என்றும் எண்ணிவிடலாகாது. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் மாங்காட்டையடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குழிகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். நிலத்தின் புண்ணே தாகத்துக்கு உதவிய காலம் அது. இதையும் மறைக்காமல் எழுதுபவன்தான் நம்பத்தக்க சாட்சி.

இரண்டாவது ஆபத்து, துன்பப்படுவோரைக் காட்சிப் பொருளாக்குவது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், இரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசத்தால் ஜனங்கள் அங்கஹீனமடைந்தார்கள். யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் 1971 முதல் அங்கேயே குடியிருந்து அதைப் படமெடுத்தார்கள். 1972-இல் ஸ்மித் தாக்கப்பட்டுப் படுகாயமுற்றார். நோயுற்ற மகளைத் தாய் நீராட்டும் அவருடைய படம் உலகத்தை உலுக்கிற்று. எனினும் பிற்காலத்தில், தங்கள் மகள் இனி இளைப்பாறட்டும் என்று பெற்றோர் விரும்பியபோது, அய்லீன் அப்படத்தைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டார். உலகப் புகழ் பெற்ற படத்தைவிட ஒரு குடும்பத்தின் மனம் பெரிது என்று கருதிய அச்செய்கை, காமிராவைத் தொடும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டியது. கல் உடைக்கும் கூலியாளின் முகத்தை எடுக்குமுன், ‘எடுக்கலாமா அண்ணா’ என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு நேரமாகிவிடாது.

படம் பொய் சொல்லாது என்பதும் முழு உண்மையன்று. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் ஏரியை எடுத்து, இது செத்துவிட்டது என்று சொல்லலாம். கார்த்திகையில் அதே ஏரி ததும்புவதை எடுத்து, ஒரு குறையுமில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையான படங்கள். இரண்டும் பொய்யான செய்திகள். ஆகவே, ஒரே இடம், ஒரே திசை, ஒரே மாதம் என்ற கட்டுப்பாடு அவசியம். படத்தில் மாறாத அடையாளம் ஒன்று இருக்கவேண்டும். கோயில் கோபுரமோ, ரயில் பாலமோ, மதகோ எதுவாயினும் சரி. தேதி, நின்ற இடம், கிராமத்தின் பெயர், தெரிந்தால் சர்வே எண் ஆகியவற்றை உடனே குறித்துவிட வேண்டும். மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே பாதுகாக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைக் கோர்ட்டில் ஏற்பதற்கு, அவை எந்தக் கருவியிலிருந்து வந்தவை முதலான விவரங்கள் அடங்கிய சான்றிதழ் வேண்டுமென்கிறது. கைபேசியில் சுற்றிச் சுற்றி வந்த படம், எடுத்தவரும் தெரியாமல் தேதியும் தெரியாமல் கோர்ட்டு வாசலில் நின்றுவிடும்.

நாம் சொல்லும் யோசனைக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரி முதல் மறைமலை நகர் வரையில் உள்ள வாசகசாலைகளும் வாலிபர் சங்கங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தத்தம் ஊரில் பத்து இடங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஏரிக்கரை இரண்டு, வாய்க்கால் இரண்டு, குன்றோ குவாரியோ ஒன்று, ஆலை வாயில் ஒன்று, மேய்ச்சல் வெளி ஒன்று, சாலை முனை ஒன்று, பொதுக்கிணறு ஒன்று, மயானம் ஒன்று என்று வகுத்துக்கொள்ளலாம். பொது வழியில் நின்றே எடுக்கட்டும். பிறர் நிலத்தில் நுழைய வேண்டாம். வெடி வைக்கும் குவாரி விளிம்பில் தைரியம் காட்ட வேண்டாம். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு முறை, ஆனி மாத வெயிலில் ஒரு முறை, ஆண்டுக்கு இருபது படங்கள் போதும். அவற்றை அச்சிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரதியும் நூலகத்தில் ஒரு பிரதியும் வைக்கவேண்டும்.

இதனோடு மற்றொரு வேலையும் அவசரமாகச் செய்யத் தக்கது. பழைய வீடுகளின் பெட்டிகளில் பழுத்துப்போன போட்டோக்கள் இருக்கின்றன. கலியாணக் கோஷ்டியின் பின்னால் ஒரு குன்று தெரியும். பள்ளி மாணவர் வரிசைக்குப் பின்னால் நீர் நிறைந்த ஏரி தெரியும். முதன்முதலாக வாங்கிய சைக்கிளோடு நிற்கும் மாமாவுக்குப் பின்னால், இன்று மேம்பாலம் நிற்குமிடத்தில் ஒரு ஆலமரம் தெரியும். எவரும் நிலத்தைக் கருதி எடுக்காத அப்படங்களே இன்று நிலத்துக்கு மிஞ்சியிருக்கும் சாட்சிகள். மூடப்பட்ட பழைய ஸ்டூடியோக்களின் பிலிம் சுருள்கள் குப்பைக்குப் போகுமுன் அவற்றையும் கேட்டு வாங்கிப் பிரதி எடுக்கவேண்டும். படத்திலிருப்பவர் இன்னாரென்று சொல்லக்கூடிய முதியவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

படம் எடுத்தால் மலை திரும்பி வருமா என்று கேட்கலாம். வராது. ஆனால் எஞ்சியிருக்கும் மலைக்கும் ஏரிக்கும் அது வேலியாகலாம். மதுரை ஜில்லாவில் கிரானைட் கொள்ளையைப் பற்றி 2014-இல் ஹைகோர்ட் உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்தபோது, வெட்டுண்ட குன்றுகள் தாமே சாட்சி சொல்லக் காத்திருந்தன. அதே மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் சர்க்கார் அறிவித்தது. பின்னர் அப்பிரதேசத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம், ஜனங்கள் திரண்டெழுந்து எதிர்த்ததன்மேல் 2025 ஜனவரியில் ரத்தாயிற்று. தங்கள் குன்றில் என்னென்ன இருக்கின்றன என்பதை அவ்வூர் ஜனங்கள் அறிந்திருந்தார்கள். பிறருக்கு எடுத்துக் காட்டவும் அவர்களால் முடிந்தது.

கூடுவாஞ்சேரியைச் சுற்றியுள்ள ஏரிகளில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. கலங்கல்களில் இன்னும் உபரி நீர் வழிகிறது. வண்டலூர்க் காட்டில் இன்னும் மரங்கள் இருக்கின்றன. காமிராவோ இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆதலால் பொதுக் காரியத்தில் ஆர்வமுள்ள நேயர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையே நாலு பேராகக் கூடி, தங்கள் ஊர் ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வந்து, முதல் பத்துப் படங்களை எடுத்துத் தேதியிட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.